பிள்ளைகளும் விஞ்ஞான நிகழ்ச்சிகளும்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒன்பதாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை தமிழ்மொழிமூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பு முடியும் நேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்மாமாரும் அப்பாமாரும் வாசலில் நின்று கேட்பதில் பாதி ரிவி பற்றிய கேள்விதான். ஒவ்வொருவருக்கும் படிக்கட்டில் நின்று பதில் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

மிஸ், ரிவி பார்த்தால் விஞ்ஞானம் வருமா?

சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் வராது. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் 2008இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. இன்றைக்கு வெரிட்டாசியம் என்ற யூடியூப் சனல் நடத்துகிறாரே, அவர்தான். ஒரே பௌதிக விஷயத்தை அவர் வேறு வேறு விதமாகப் படம்பிடித்தார். ஒரு படத்தில் சரியான விளக்கம் நேராக, தெளிவாக வரும். இன்னொன்றில் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள்: மாணவர்கள் வழக்கமாக எப்படிப் பிழையாக நினைக்கிறார்களோ அதையே ஒருவர் சொல்வார், அது ஏன் சரிவராது என்று மற்றவரோடு பேச்சு போகும். முதல் படத்தைப் பார்த்தவர்கள் "நல்ல தெளிவு" என்றார்கள். பரீட்சை வைத்தால் புள்ளி கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நின்றது. இரண்டாவதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். புள்ளி ஏறியது அவர்களுக்குத்தான்.

காரணம் விளங்காத ஒன்றல்ல. தெளிவான விளக்கம் ஓடும்போது பிள்ளை "இது எனக்குத் தெரிந்ததுதானே" என்று தலையாட்டும். தன் மனதில் இருப்பது வேறு, திரையில் சொல்வது வேறு என்று கவனிக்கவே கவனிக்காது.

அதனால் நான் பெற்றோருக்குச் சொல்வது ஒன்றே ஒன்று. விடை வருவதற்கு முன் நிறுத்துங்கள். "இப்போ என்ன நடக்கும், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஒரு கடதாசியில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று நழுவிவிடுவார்கள். 1971இல் அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். அந்தப் படத் துண்டை நான் வகுப்பில் போடும்போது கை விடுகிற கணத்தில் நிறுத்திவிடுவேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள், பாடப் புத்தகத்தில் படித்தவர்கள், அப்போதும் பாதிப் பேர் "சுத்தியல்தான் முதலில்" என்பார்கள். அதற்குப் பிறகுதான் மீதியை ஓடவிடுவேன், இரண்டும் ஒன்றாகவே தரையில் விழும். அந்த வகுப்பில் கொட்டாவி விட்டவர்களை நான் கண்டதில்லை.

எது நல்ல நிகழ்ச்சி என்று எப்படித் தெரியும்?

"இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்ற கேள்விக்கு அந்த நிகழ்ச்சியில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கருந்துளையின் நிறை இவ்வளவு, டைனோசரின் நீளம் இவ்வளவு என்று இசையோடு அடுக்கிக்கொண்டே போவது பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைக்கு மிஞ்சுவது வினாவிடைப் போட்டிக்கான சில இலக்கங்கள்.

பழைய நல்ல நிகழ்ச்சிகள் பலவற்றில் செலவு குறைவு, கைவேலை கூட. அமெரிக்காவில் 1951இல் டொன் ஹேர்பேர்ட் தொடங்கிய 'வாட்ச் மிஸ்டர் விசார்ட்' நிகழ்ச்சியில் ஒரு பெரியவரும் அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒன்றும் வீட்டுச் சாமான்களை வைத்துக்கொண்டு ஏதாவது செய்வார்கள், அவ்வளவுதான். இலண்டனில் ரோயல் இன்ஸ்ரிரியூசன் 1825இலிருந்து நத்தார் காலத்தில் இளையோருக்கென்று விரிவுரை நடத்துகிறது. மைக்கேல் பரடே எத்தனையோ தடவை அதில் பேசியிருக்கிறார், ஒரு மெழுகுதிரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தொடர் முழுக்க ஓட்டினார். 1966இலிருந்து அது தொலைக்காட்சியில் வருகிறது. கண்முன்னே பரிசோதனை, பிள்ளைகளைக் கூப்பிட்டுச் செய்ய வைப்பது, இதுதான் அதன் பலம்.

பதின்ம வயதுக்கு என்றால் 2003இல் தொடங்கிய 'மித்பஸ்டர்ஸ்' எனக்குப் பிடிக்கும், ஊரார் நம்புகிற கதைகள் உண்மையா என்று செய்து பார்க்கிற நிகழ்ச்சி. வெடிச் சத்தத்துக்காகத்தான் பெடியன்கள் பார்க்கிறார்கள், தெரியும். ஆனால் அதில் முதல் முயற்சி பிழைத்துப்போகும். ஏன் பிழைத்தது என்று யோசித்து அளவை மாற்றித் திரும்பச் செய்வார்கள். நம் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் விடை சரிவராவிட்டால் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து எழுதுகிற பழக்கத்தில் வளர்ந்தவர்கள். பெரியவர்கள் கமராவுக்கு முன்னால் பிழைவிடுவதைப் பார்ப்பது அவர்களுக்கு நல்லது.

இந்தியத் தமிழ் டப்பிங் பார்த்தால் பரீட்சையில் சொல் மாறிவிடுமே?

மாறும். நியாயமான பயம். ஒன்பதாம் தரப் பிள்ளை ஒன்று தவணைப் பரீட்சையில் "ஒளிச்சேர்க்கை" என்று எழுதியதற்குப் புள்ளி வெட்டப்பட்டு அழுதுகொண்டு என்னிடம் வந்தது. எந்தப் பாடசாலை என்று கேட்காதீர்கள். பிள்ளை எழுதியது பிழையே இல்லை, கடல் தாண்டிய தமிழ், அவ்வளவுதான்.

எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. நாங்கள் ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்போம். அவர்கள் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்பார்கள். எங்கள் கலம் அவர்களுக்கு செல். இலத்திரன் எலக்ட்ரான் ஆகிவிடும். ஆர்முடுகல் அங்கே முடுக்கம், நுணுக்குக்காட்டி நுண்ணோக்கி, பௌதிகவியல் இயற்பியல், இரசாயனவியல் வேதியியல்.

இவையெல்லாம் சும்மா இரட்டைப் பெயர்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். உண்மையான பொறி 'அழுத்தம்' என்ற சொல்லில் இருக்கிறது. இந்திய நிகழ்ச்சியில் தண்ணீரின் அழுத்தம் என்றால் நாங்கள் அமுக்கம் என்று படிப்பது. ஆனால் எங்கள் புத்தகத்திலும் 'அழுத்தம்' உண்டு, அது மின்னில் வரும்: அழுத்த வித்தியாசம், வோல்ற்றில் அளப்பது. ஆழ்கடல் பற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு "கடலுக்கடியில் ஏன் மிஸ் கரண்ட் அடிக்கிறது?" என்று ஒரு பெடியன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறான்.

செய்யவேண்டியது சின்ன வேலை. ரிவிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. கேட்கிற புதுச் சொல்லை இடப்பக்கம், எங்கள் புத்தகச் சொல்லை வலப்பக்கம், நேரம் இருந்தால் ஆங்கிலச் சொல்லை மூன்றாவதாக. உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாவது வரிசைதான் தேவைப்படும், அது வேறு கதை.

அப்போ நேரே ஆங்கிலத்தில் பார்க்கவிடலாமா?

பிள்ளைக்கு விளங்கினால் தாராளமாக. விளங்காவிட்டால் பிள்ளை படத்தை மட்டும் பார்க்கும். அரை மணி நேரம் கழித்து என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், "கப்பல் ஒன்று" என்றால் தமிழுக்கு வாருங்கள். பெருமைக்காக ஆங்கிலம் வேண்டாம்.

மொழியைவிட நான் கவலைப்படுவது உதாரணங்களைப் பற்றி. வெளிநாட்டு நிகழ்ச்சி பருவகாலம் என்றாலே பனியும் இலையுதிர்காலமும் காட்டும். கொழும்புப் பிள்ளைக்கு மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று வந்து மழை கொட்டுவது தெரியும், மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று தெரியும்; குளிர்காலம் நுவரெலியாச் சுற்றுலாவோடு சரி. ஆகவே "பூமி சாய்ந்திருப்பதால் கோடை" என்பது அவர்களுக்கு வெறும் மனப்பாடம். பூமி சூரியனுக்குக் கிட்ட வருவதால் வெயில் கூடுகிறது என்று நினைக்கிற பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போடுங்கள்: பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட இருப்பது ஜனவரி தொடக்கத்தில். அப்போது இலண்டனில் இருக்கிற மாமா ஏன் ஜக்கெற் போட்டுக்கொண்டு வீடியோ கோலில் வருகிறார்? வெட்கப்படத் தேவையில்லை. 1987இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்ட் பட்டமளிப்பு விழாவில் இதே விஷயத்தைக் கேட்டபோது பெரும்பாலானவர்கள் பிழையாகத்தான் சொன்னார்கள்.

பாடங்களை ஒளிபரப்புகிறார்களே, அது போதாதா?

அது வேறு, இது வேறு. 2020இல் பாடசாலைகள் மூடியபோது நேத்ராவில் 'குருகுலம்' என்று தமிழில் பாடம் போனது. இணையம் இல்லாத வீடுகளுக்குப் பெரிய உதவி. அது வகுப்பறைக்குப் பதில். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியும், 2019 ஓகஸ்ட்டில் தொடங்கியது, அந்த வகைதான். ஆனால் பாடத்திட்டம் அவர்களுடையது, அத்தியாயத்தோடு அத்தியாயம் ஒட்டாது. பரீட்சைக்குப் பாடம் பாருங்கள். விஞ்ஞானத்தில் ஆசை வர வேறு ஏதாவது பாருங்கள்.

ஏலியன், பேய், மர்மத் தீவு நிகழ்ச்சிகளைத் தடுக்கவா?

தடுத்தால் போனில் பார்ப்பார்கள். கூட இருந்து பார்த்து, "சொன்னவர் யார்? தானே கண்டாரா? வேறு விளக்கம் ஏதும் இருக்கிறதா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1980இல் மர்மங்களைப் பற்றியே ஒரு தொடர் செய்தார். இலங்கையில் இருந்துகொண்டுதான் அதில் தோன்றிப் பேசினார். ஆனால் அவர் மர்மங்களை வகை பிரித்தார்: ஒரு காலத்தில் புதிராக இருந்து இப்போது விளங்கிவிட்டவை, இன்னும் விளங்காவிட்டாலும் ஓரளவு வழி தெரிபவை, ஒன்றுமே பிடிபடாதவை. இந்த மூன்று பெட்டியைப் பிள்ளையிடம் கொடுத்து, பார்த்ததை எதில் போடுவாய் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் முதல் பெட்டி நிறைந்துவிடும்.

பழைய நிகழ்ச்சிகளில் தகவல் பழசாகியிருக்காதா?

ஆகியிருக்கும், அதனால் என்ன. வானியலாளர் கார்ல் சேகனின் 'கொஸ்மொஸ்' தொடர் 1980இல் 13 பகுதிகளாக வந்தது. அப்போது புளூட்டோ கோள். 2006இல்தான் அது குறுங்கோளானது. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள் ஒன்றுகூட அப்போது உறுதியாகியிருக்கவில்லை. 2014இல் நீல் டிகிராஸ் டைசன் நடத்திய புதிய தொடரையும் பக்கத்தில் வைத்து, 34 வருடத்தில் எது மாறியது என்று தேட விடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு நல்ல வீட்டுவேலை.

பார்த்த பிறகு வீட்டில் என்ன செய்யலாம்?

நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தப் பதிலுக்காகத்தான்.

'கொஸ்மொஸ்' முதல் பகுதியில் எரத்தோஸ்தனீஸ் கதை வரும். இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் எகிப்தில் இருந்தவர். தெற்கே சையீன் ஊரில் ஒரு குறிப்பிட்ட நாள் உச்சிப்பொழுதில் தடிக்கு நிழல் விழாது, அதே நாள் வடக்கே அலெக்சாந்திரியாவில் விழும். அந்த நிழலின் கோணம் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினார், பூமியின் சுற்றளவு வந்தது.

இதைப் பார்க்கிற எந்த ஊர்ப் பிள்ளையும் "ஆகா" என்று சொல்லலாம். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் ஒரு தனி வசதி. கொழும்பும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், ஒன்று தெற்கே ஒன்று வடக்கே இருக்கின்றன. கொழும்பில் வீடு என்றாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இல்லாத குடும்பம் என் வகுப்பில் குறைவு.

ஏப்ரல் 7ஐ ஒட்டிய நாட்களில் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12 மணிக்கு அல்ல, 12.12, 12.13 அளவில். இலங்கை நேரம் எங்களுக்குக் கிழக்கே உள்ள 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுவதால் கொழும்புக்குச் சூரியன் பிந்தித்தான் வருகிறார். மொட்டைமாடியில் 1 மீற்றர் தடி ஒன்றை நிறுத்துங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, தடி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கித் தடியின் காலடிக்குள் போய்விடும். அதே நிமிடம் யாழ்ப்பாணத்தில் சித்தப்பா அதே உயரத் தடி ஒன்றை நிறுத்தியிருப்பார். அங்கே வடக்குப் பக்கமாக 5 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஒரு நிழல் விழும். போனில் அளவைக் கேட்டு எழுதுங்கள்.

100க்கு 4.8 என்றால் கோணம் ஏறக்குறைய 2.75 பாகை. 360ஐ அதால் வகுத்தால் 131. அட்லஸ் படத்தில் அடிமட்டம் வைத்து இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக எவ்வளவு என்று பாருங்கள், 300 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். பெருக்கினால் 40,000 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். பூமியின் சுற்றளவு அதுதான்.

உங்களுக்கு இவ்வளவு அழகாக வராது. எங்களுக்கும் வரவில்லை. முதல் வருடம் ஒருத்திக்கு 52,000 வந்தது. பார்த்தால் பஸ் போகிற வீதித் தூரத்தைப் போட்டிருக்கிறாள். வளைந்து வளைந்து போகிற வீதி கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இன்னொருவனின் மாமா நிழலை 5.5 என்று அளந்தார், விடை 35,000க்குக் கீழே போய்விட்டது. மாமாவில் பிழை சொல்ல முடியாது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலத் தட்டாகத் தெரிவதால் நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும். 1 மீற்றர் தடிக்கு அந்த மங்கல் மட்டும் கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர். "அப்போ 2 மீற்றர் தடி வைத்தால்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நிழல் இரட்டிக்கும், மங்கலும் இரட்டிக்கும். அதை அவளே பிறகு கண்டுபிடித்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, யாழ்ப்பாணத்தில் சூரியன் உச்சிக்கு வரும். ஊருக்குப் போகிற குடும்பங்கள் அங்கே திரும்பச் செய்யலாம். இப்போது கொழும்பில் நிற்கிறவர் நிழலை அளக்கவேண்டும், அது தெற்குப் பக்கம் விழும். ஏப்ரலை விட்டால் கொழும்புக்கு அடுத்த வாய்ப்பு செப்டெம்பர் 5ஐ ஒட்டி, 12.09 அளவில், முகில் விட்டால். ஒன்று மட்டும்: நிழலைத்தான் பார்க்கவேண்டும், சூரியனை அல்ல. சின்னப் பிள்ளைகள் கூட நின்றால் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

இவ்வளவு பாடு வேண்டாம், குசினியில் ஏதும்?

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைக் கடதாசியில் தடவிக் காயவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் சிவக்கும், தேசிக்காய்ப் புளி விட்டால் திரும்ப மஞ்சளாகும். செவ்வரத்தம்பூச் சாற்றிலும் அமிலம், காரம் பார்க்கலாம். அப்பச்சோடா இருந்தால் இன்னும் விசேஷம். சுவர்ப் பிளக்கில் கைவைக்கிற எதுவும் வேண்டாம், 230 வோல்ற்று விளையாட்டில்லை. மின் பரிசோதனை என்றால் பற்றரியோடு நிற்கட்டும்.

ரிவியை விட்டு வெளியே போக கொழும்பில் எங்கே?

கோள்மண்டலம். 1965இல் ஒரு பெரிய கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டியது, பொறியியலாளர் குலசிங்கவின் கொங்கிரீட் வேலை. கூரையைப் பார்க்கவே போகலாம். உள்ளே கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த, கூரையில் நட்சத்திரங்களைக் காட்டுகிற சைஸ் (Zeiss) கம்பனிக் கருவி. தமிழ்க் காட்சி எப்போது என்று போகுமுன் போன் பண்ணிக் கேளுங்கள். சிங்களக் காட்சிக்குப் போய் அம்மா மொழிபெயர்த்தால் பக்கத்து வரிசைக்கும் தொந்தரவு.

மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். கிளார்க் 1956இலிருந்து இலங்கையில் இருந்து, 2008இல் கொழும்பில் காலமானவர். 1945இலேயே ஒரு கட்டுரையில், பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றரில் செய்மதி ஒன்றைச் சுற்றவிட்டால் அது வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும், அதை வைத்து உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று எழுதினார். 1975இல் இந்தியா அதைக் கல்விக்குச் செய்து பார்த்தது: நாசாவின் ஒரு செய்மதி மூலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருடம் கல்வி நிகழ்ச்சிகள். இந்தியப் பொறியியலாளர்கள் வந்து கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் ஒரு டிஷ் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979 ஏப்ரலில்தான், ரூபவாஹினி 1982இல். ஆக இந்த ஊரில் முதலில் ரிவியில் ஓடியவற்றில் கல்வி நிகழ்ச்சியும் ஒன்று, பார்க்கத்தான் ஒரு வீட்டை விட்டால் ஆளில்லை.

இதைச் சொல்லிவிட்டு பிள்ளையைக் காலி வீதி மாடிவீடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கம்பனி டிஷ் எல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்க்கிறது?

சாதாரண தரம் வருகிற வருடம், ரிவியை நிறுத்தவா?

பரீட்சைக்கு முந்திய இரண்டு மூன்று மாதம் நிறுத்துங்கள், நானே சொல்கிறேன். அதற்கு முன் வாரத்தில் ஒரு நிகழ்ச்சி, வெள்ளி இரவு, முடிந்தால் நீங்களும் கூட இருந்து. நாலு பார்ப்பதைவிட ஒன்றை மூன்று இடத்தில் நிறுத்திப் பார்ப்பது மேல்.

பிள்ளை கேட்கிற கேள்விக்கு எனக்கு விடை தெரியாதே?

எனக்கும் பாதி தெரியாது. கொப்பியில் எழுதிவிடச் சொல்லுங்கள், சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவரட்டும். போன கிழமை வந்தது: சந்திரனில் இறகு நேராக விழுந்ததே, அங்கே காற்று இல்லையே, அப்போ நட்ட கொடி ஏன் விரிந்து நிற்கிறது? மேல் விளிம்பில் ஒரு கம்பி கோத்திருக்கிறார்கள் என்று பின்வரிசையில் இருந்து பதில் வந்தது, எனக்கு முந்தி.